பிடோக்கில் நாலு வாரமாக வெறும் கை: எந்த மீனுக்கு எந்த இரை?

காவேரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருவையாறு பக்கம், சிங்கப்பூர் வந்து பதினோரு வருடம் ஆகிறது, இப்போது தெம்பனிசில் இருக்கிறேன். சின்ன வயதில் அப்பாவோடு வாய்க்காலில் தூண்டில் போட்டு வளர்ந்தவன். அப்பா ஒரு சின்னத் தவளையை முள்ளில் கோத்து, ஆகாயத்தாமரைக்கு நடுவில் இருக்கும் சந்தில் தட்டித் தட்டித் துள்ளவிடுவார், விரால் வந்து 'பொளக்' என்று வாங்கும். கெளுத்திக்கு மண்புழு, கெண்டைக்குக் கோதுமை மாவு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இரை.

இங்கே என் ஒன்பது வயது மகனுக்கு அதைக் காட்ட ஆசைப்பட்டு, பீச் ரோடு பக்கம் போய் ஆறரை அடி ராட் (தூண்டில் கோல்), 2500 அளவு ரீல் (நூல் சுற்றும் உருளை), அப்புறம் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஆறு செயற்கை இரைகள் எல்லாம் வாங்கிவிட்டேன். பிடோக் நீர்த்தேக்கத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை நின்றும் ஒரு கொத்துகூட இல்லை. மகன் மூன்றாவது வாரமே கல் பொறுக்கப் போய்விட்டான், அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

என் கேள்விகள். பலகையில் செயற்கை இரை மட்டும் என்று போட்டிருக்கிறது, கொஞ்சம் ரொட்டி உருட்டிப் போட்டால் தப்பா? எந்த மீனுக்கு எந்த இரை, எந்த நேரம்? கடைசியாக ஒன்று: போன வாரம் கரையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, தண்ணீர் கொதிக்கிற மாதிரி செக்கச்செவேல் என்று குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போயின. அது என்ன, அதன்மேல் வீசலாமா?

ஏழுமணி_வெயில்:

வணக்கம் அண்ணே. முதலில் ரொட்டியை மறந்துவிடுங்கள். அது குடிக்கிற தண்ணீர். இரையும் அதன் மிச்சமும் உள்ளே அழுகினால் தண்ணீரின் தரம் கெடும், அதனால்தான் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்த்தேக்கங்களில் செயற்கை இரையை மட்டும் அனுமதிக்கிறது. மீன் பிடிக்கக் குறித்துக் கொடுத்திருக்கும் பகுதிக்குள்தான் நிற்க வேண்டும், வெளியே பிடித்தால் 3,000 வெள்ளி வரை அபராதம். நேரமும் பலகையில் இருந்தால் அதையும் பாருங்கள்.

இப்போது மீனுக்கு வருவோம். ஊர்த் தூண்டிலில் நாம் கேட்கும் கேள்வி 'இந்த மீன் என்ன தின்னும்' என்பது. இங்கே கையில் பிளாஸ்டிக்கும் தகரமும்தான், அதற்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. அதனால் 'இந்த மீன் எதைப் பார்த்தால் பாயும்' என்று கேட்க வேண்டும். நீங்கள் நாலு வாரம் நின்றது இரை தெரியாமல் இல்லை, எந்த மீனைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யாமல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

என்னைக் கேட்டால் பீக்காக் பாஸில் ஆரம்பியுங்கள். தென்னமெரிக்க மீன், இங்கே எப்போதோ வந்து நன்றாக வேரூன்றிவிட்டது. வால் அடியில் தங்க வளையம் போட்ட ஒரு கறுப்புக் கண் இருக்கும், பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். இது முழுக்க முழுக்கக் கண்ணால் வேட்டையாடுகிற மீன், பகல் மீன். இருட்டில் போய் நிற்பதில் பயனில்லை. இங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான், ஏழரையிலிருந்து பத்து வரை, பிறகு சாயங்காலம் நாலுக்கு மேல். வெயில் நன்றாக அடித்தால் தூண், படித்துறை, சாய்ந்த மரம் இவற்றின் நிழல் விளிம்பில் போடுங்கள்.

இரை: ஐந்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் மின்னோ, அதாவது சின்ன மீன் வடிவத்தில் வாயில் தகடு வைத்தது. இல்லையென்றால் ஏழு கிராம் ஸ்பூன், கரண்டி மாதிரி வளைந்த தகடு. பத்துப் பதினைந்து பவுண்டு தாங்கும் பிரெய்ட் நூல், அதாவது பின்னிய நூல், நுனியில் லீடர் என்கிற முன்நூல், இருபது பவுண்டு, ஒரு கை நீளம், போதும்.

முக்கியமான விஷயம் வேகம். ஊரில் இரையைப் போட்டுவிட்டு அமைதியாக இருந்து பழகியவர்கள் எல்லோரும் இதில்தான் தோற்கிறோம், நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான். பாஸ் இரைக்குப் பின்னாலேயே வரும், நிழல் மாதிரி தெரியும், நாம் 'கடிக்கட்டும்' என்று நிறுத்துவோம், அது முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நிறுத்தாதீர்கள். பின்னால் வருவது தெரிந்தால் இன்னும் வேகமாகச் சுற்றுங்கள். தப்பி ஓடுகிற மீனைத்தான் அது துரத்தும். நாலு சுற்று வேகமாக, ராட் நுனியில் ஒரு வெட்டு, மறுபடி சுற்று. ஒரே இடத்தில் பத்துத் தடவை போட்டும் ஒன்றும் இல்லையென்றால் இருபதடி நகருங்கள்.

நிறம் கேட்பீர்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் வெள்ளி, பச்சை மாதிரி இயற்கையான நிறம். மழைக்குப் பிறகு கலங்கியிருந்தால் பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சு.

பின்னால் பார்க்காமல் வீசாதீர்கள், இதை மட்டும் மறக்க வேண்டாம். பிடோக்கில் ஓடுகிறவர்களும் சைக்கிளில் வருகிறவர்களும் கரைக்கு ஒட்டியே வருவார்கள். ஒருநாள் என் முள் ஒரு சின்னப் பெண்ணின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அன்றைக்கு அப்படியே மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சிலேத்தார்_அக்கா:

தம்பி, அந்தச் சிவப்புக் குஞ்சுகள் தோமான் குஞ்சுகள். உங்கள் அப்பா பிடித்த விராலின் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே குடும்பம். ஆனால் இது ஒரு மீட்டருக்கு மேல் வளரும்.

அதன்மேல் வீசாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கொதிப்புக்குக் கீழேயே தாயும் தகப்பனும் நிற்கும். குஞ்சுகள் காற்று குடிக்க மேலே வரும், பெற்றவை காவல் நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் பாய்ந்து வந்து அடிக்கும், பசியில் இல்லை, குஞ்சைக் காப்பாற்றுகிற கோபத்தில். அந்த நேரத்தில் பிடிப்பது சுலபம், அதனாலேயே பலர் அதைத்தான் தேடிப் போகிறார்கள். ஒன்றைத் தூக்கிக் கரையில் ஐந்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அதற்குள் மற்ற மீன்கள் குஞ்சுக் கூட்டத்துக்குள் புகுந்துவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பந்து மாதிரி இருந்த கூட்டம் சிதறி, அங்கொன்று இங்கொன்றாக மேலே வந்து தவித்தன. அன்றிலிருந்து குஞ்சு தெரிந்தால் நான் ராடைக் கீழே வைத்துவிடுவேன்.

தோமானை நேர்வழியில் பிடிக்க, அது மூச்சு வாங்க வருவதைப் பாருங்கள். விரால் மாதிரியே இதற்கும் வெளிக்காற்று வேண்டும். கண்ணாடித் தண்ணீரில் திடீரென்று ஒரு சுழி, 'க்ளப்' என்று ஒரு சத்தம், அப்புறம் நாலைந்து குமிழி. குமிழி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் மீன் போகிறது. சுழியின் மேலேயே போடக் கூடாது, மிரண்டு கீழே போய்விடும். இரண்டு மூன்று மீட்டர் தாண்டிப் போட்டு, அது போகிற வழிக்குக் குறுக்கே கொண்டு வர வேண்டும்.

இரை என்ன தெரியுமா? ரப்பர் தவளை. முள் இரண்டும் மேல்பக்கம் முதுகோடு ஒட்டி இருக்கும், புல்லில் மாட்டாது. உங்கள் அப்பா ஆகாயத்தாமரைச் சந்தில் துள்ளவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். அதே கைதான் தம்பி. தட்டு, நிறுத்து, தட்டு தட்டு, நிறுத்து. ஏழுமணி தம்பி சொன்ன வேகம் பாஸுக்கு, அதை இங்கே கொண்டுவராதீர்கள். தண்ணீர் வெடித்ததும் உடனே சுண்டினால் தவளை மட்டும் பறந்து முகத்துக்கு வரும். வாய்க்குள் போகட்டும், நூல் இழுபடுவது கையில் தெரியட்டும், ஒன்று இரண்டு எண்ணி, பிறகு தோளோடு சேர்த்துச் சுண்டுங்கள்.

பல் கத்தி மாதிரி இருக்கும். லீடர் நாற்பது பவுண்டுக்குக் குறைய வேண்டாம், நீள மூக்குப் பிளையர் இல்லாமல் போகவே வேண்டாம். முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் செதிலைப் பிளையரால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள், மீனுக்கும் நல்லது, மகன் விரலில் ஏறினாலும் சுலபமாக வரும். விடுகிற மீனென்றால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கையும் சுடுகிற சிமெண்டும் அதன் மேல் இருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும்.

உங்கள் ராட் தோமானுக்குக் கொஞ்சம் மெலிது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தக்கை_பார்ப்பவன்:

தம்பி, எனக்கு வயது அறுபத்தெட்டு. நாள் முழுக்க வீசிக்கொண்டே இருக்கத் தோள் ஒத்துழைக்காது. மாவு பிசைந்து, தக்கை போட்டு, உட்கார்ந்து பார்க்கும் சுகம் வேண்டுமென்றால் காசு கட்டிப் பிடிக்கிற குளத்துக்குப் போங்கள். அங்கே உண்மையான இரை போடலாம், எதைப் போடலாம் என்று அந்தந்த இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மகனை முதலில் அங்கே கூட்டிப் போயிருந்தால் கல் பொறுக்கப் போயிருக்க மாட்டான்.

பாத்தின் என்கிற பெரிய கெளுத்தி வகைக்கு ரொட்டி. வெள்ளை ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டு, நடுப்பகுதியைத் தண்ணீரில் தொட்டுப் பிழிந்து, முள்ளைச் சுற்றி எலுமிச்சையில் பாதியளவு உருட்டுங்கள். தக்கையிலிருந்து முள் வரை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். பாத்தின் வாங்கினால் தக்கை சொல்லிக்கொண்டெல்லாம் போகாது, ஒரே போக்கு. ரீலில் நூலை இறுக்கும் பிடியைத் தளர்த்தி வைக்காவிட்டால் ராடே தண்ணீருக்குள் போய்விடும்.

ரோகு அதற்கு நேர் எதிர். வாய் கீழ்ப்பக்கம் பார்த்து, சின்னதாக, உதடு தடித்து இருக்கும். கவ்வாது, உறிஞ்சும். தக்கை ஒருமுறை தலையாட்டும், நிற்கும், மறுபடி ஆட்டும். முதல் ஆட்டத்தில் சுண்டினால் வெறும் முள். மெதுவாகச் சாய்ந்து நகரும்போதுதான் சுண்ட வேண்டும், அதுவும் மணிக்கட்டால் மட்டும். நான் தேக்கா சந்தையில் வாங்குகிற பொட்டுக்கடலையை லேசாக வறுத்து அரைத்து, கோதுமை மாவோடு பாதிக்குப் பாதி, வெல்லத் தண்ணீர் விட்டுப் பிசைவேன். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டும், அந்த வாசனைக்குத்தான் ரோகு வரும். கரையாமல் ரப்பர் மாதிரி இருந்தால் நாள் முழுக்க அப்படியே கிடக்கும்.

கெளுத்திக்குக் கண் முக்கியமில்லை, மீசைதான் எல்லாம். மீசையிலேயே ருசி பார்க்கும். கோழி ஈரல், கோழிக்குடல், தரையில் ஈயக்குண்டு போட்டுக் கிடத்திவிடுங்கள். ஈரல் முள்ளில் நிற்காது, தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்பிலும் முள் இருக்கிற வகைகளை மகனைத் தொட விடாதீர்கள்.

காவேரிக்கரை:

அக்கா, அந்த 'அதே கைதான் தம்பி' என்பதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். ரப்பரில் தவளையா என்று நாலு தடவை கேட்டார். குஞ்சு இருக்கிற இடத்தில் கண்டிப்பாக வீச மாட்டேன். பெரியவரே, பொட்டுக்கடலை மாவைக் குறித்துக்கொண்டேன், பள்ளி விடுமுறையில் குளத்துக்குப் போகிறோம்.

ஆனால் மகனுக்கு நீர்த்தேக்கத்திலேயே பிடிக்க வேண்டுமாம். அவனால் பாஸ் இரையை அவ்வளவு வேகமாகச் சுற்ற முடியாது. சின்னதாக ஏதாவது வழி இருக்கிறதா? மழை பெய்தால் என்ன செய்வது?

கல்லிடுக்கு:

இருக்கிறது அண்ணே, அதற்காகத்தான் வந்தேன். பெரிய மீனையெல்லாம் விடுங்கள், காலடியில் பாருங்கள். கரைக்கல் இடுக்குகளில் சிக்லிட் வகைகள் நிறைய இருக்கும். மாயன் சிக்லிட் என்று ஒன்று, உடம்பில் கறுப்புப் பட்டை, வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு, உள்ளங்கை அளவு. பயமே கிடையாது. இரண்டு கிராம் ஜிக் முள்ளில், அதாவது தலையில் ஈயம் வைத்த முள்ளில், மூன்று சென்டிமீட்டர் ரப்பர் புழு அல்லது ரப்பர் இறால் கோத்து, கரைக்கு ஒரு மீட்டருக்குள் கல்லை ஒட்டி இறக்கிவிடச் சொல்லுங்கள். சுற்ற வேண்டியதே இல்லை. தரையில் பட்டதும் ராட் நுனியை ஒரு விரல் அளவு தூக்கிவிட்டு விடச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை.

ஜிலேபிக் கெண்டைக்கு அதே ரப்பரைப் போட்டு ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் பாசியும் கசடும் மேய்கிற மீன், ரொட்டி இல்லாமல் அதைப் பிடிப்பது சிரமம். தரையில் வட்டமாகக் குழி தோண்டிக் காவல் நிற்கும் ஆண் மட்டும் சில சமயம் இரையைத் தள்ளிவிட வாயில் எடுக்கும்.

அதே கல்லிடுக்கில் அதிர்ஷ்டம் இருந்தால் சூன் ஹோக் வரும், சீன உணவகங்களில் ஆவியில் வேகவைத்துத் தருவார்களே, அது. கல்லோடு கல்லாக அசையாமல் கிடக்கும், துரத்தவே துரத்தாது. ரப்பர் இறாலை அதன் மூக்கு முன்னால் அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். பொறுமைக்காரர்களின் மீன்.

ஏழுமணி அண்ணன் சொன்ன நிறக் கணக்கில் எனக்கு ஒப்புதல் இல்லை. நான் ஒரே தண்ணீரில் வெள்ளியிலும் பிடித்திருக்கிறேன், கறுப்பிலும் பிடித்திருக்கிறேன். இரை எந்த ஆழத்தில் போகிறது என்பதுதான் முதலில், வேகம் இரண்டாவது, அளவு மூன்றாவது, நிறம் அதற்கும் பின்னால். பிடோக் முன்பு மண் தோண்டிய குழி, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளியதும் சட்டென்று ஆழம் இறங்கும் இடங்கள் உண்டு. மேலே அரை மீட்டரில் ஓடுகிற மின்னோவை நடுவில் வீசிக்கொண்டிருந்தால், கீழே நிற்கிற மீனுக்கு அது தெரியக்கூட தெரியாது. வெயில் ஏறிய பிறகு மின்னோவைக் கழற்றிவிட்டு ஜிக் முள்ளில் ரப்பர் மீன் போட்டுக் கீழே இறக்கிப் பாருங்கள்.

மழைக்கு: தூறல் நல்லது, பிடியுங்கள். இடி கேட்டால் அந்த நொடியே ராடைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கார்பன் ராட் மின்சாரம் கடத்தும், திறந்த கரையில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது உயிரோடு விளையாடுவது. 'இன்னும் ஒரே ஒரு வீச்சு' என்று நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏழுமணி_வெயில்:

ஆழம் முதலில் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நிறத்தை விட மாட்டேன். டிசம்பர் மழையில் கால்வாய் வந்து கலக்கிற இடத்தில் தேநீர் மாதிரி தண்ணீர் ஓடும்போது மஞ்சளில் மட்டுமே எனக்குக் கிடைத்திருக்கிறது.

காவேரிக்கரை:

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தோம், உடனே எழுதுகிறேன்.

எட்டு மணிக்குப் படித்துறை நிழலில் மின்னோ போட்டேன். மூன்றாவது வீச்சில் பின்னால் ஒரு மஞ்சள் நிழல். கை தானாக நிற்கப் பார்த்தது. ஏழுமணி சொன்னது ஞாபகம் வந்து ஓங்கிச் சுற்றினேன், கரைக்கு மூன்று மீட்டரில் ராட் வளைந்தது பாருங்கள், நூல் கிர்ரென்று போனது. ஒரு நிமிடம் இருக்கும். கரைக்குக் கொண்டுவரும் நேரத்தில் ஒரு துள்ளுத் துள்ளித் தலையை உதறியது, இரை மட்டும் என் பக்கம் வந்து விழுந்தது. நூலில் தளர்ச்சி விட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் மகன் பிடித்துவிட்டான். கல்லிடுக்கு தம்பி சொன்ன மாதிரியே, ரப்பர் இறால், இரண்டு கிராம், கல்லை ஒட்டி. விரல் அளவு தூக்கு, விடு, தூக்கு. அவன் குந்தி உட்கார்ந்து நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். 'அப்பா, யாரோ தட்டுறாங்க' என்றான். சிக்லிட்தான், அவன் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, தொண்டை சிவந்து, முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு முறைத்தது. கையை நனைத்துக்கொண்டு பிடிக்கச் சொன்னேன். செதில் தட்டையாக்கிய முள், பிளையர் தொட்டதும் வந்துவிட்டது. ஒன்பதரைக்கு இடி கேட்டது, கிளம்பிவிட்டோம், அவனுக்குத்தான் மனமே இல்லை.

அக்கா, அடுத்து அவனுக்கு என்ன வாங்கித் தருவது? சின்னத் தவளை ஒன்று கேட்கிறான், தாத்தாவிடம் காட்ட வேண்டுமாம்.

சிலேத்தார்_அக்கா:

தவளைக்கு முன்னால் ஒரு போலரைஸ்டு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் தம்பி, குழந்தை அளவிலேயே கிடைக்கும். தண்ணீர் மேல் இருக்கிற பளபளப்பை அது வெட்டிவிடும், கல்லிடுக்கில் மீன் நிற்பதை அவனே பார்ப்பான், பறந்து வருகிற முள்ளிலிருந்து கண்ணும் தப்பும். உங்களுக்கும் ஒன்று. தவளை நாலு சென்டிமீட்டரில் சின்னதாக இருக்கிறது, முதலில் முள்ளைக் கழற்றிவிட்டு வெறும் தவளையைத் துள்ளவிட்டுப் பழகட்டும். மீன் துள்ளும்போது ராட் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள், நூல் இறுக்கமாகவே இருக்கும், அடுத்த தடவை பாஸ் உதற முடியாது.